கொடி போடாத கஷாயம்

“நயினார் சாருக்குக் கைராசிடீ. பச்சத்தண்ணிய ஊத்துனாக்கூட அந்தச் செல்லு எந்திரிச்சு உக்காந்துரும்.”

“நமக்குத் தேன ஊத்துனாலும் தூங்குது.”

பல்கலைக்கழக வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார்கள். அடையாள அட்டை நகல் எடுக்க அவர்களுக்குப் பின்னால் நின்ற ஆறுமுகநயினார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். எதிரே இருந்த வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் போன பிறகுதான் கடைக்காரரிடம் அட்டையை நீட்டினார்.

ஆய்வகம் இரண்டாவது மாடியில். முதல் மாடி வரைக்கும் அந்தப் பேச்சு இனித்தது. அதற்கு மேல், சோற்றில் அகப்பட்ட தலைமுடி மாதிரி ஒரு சொல் நாக்கில் நின்றது. கைராசி என்ற சொல் இல்லை. தண்ணி என்ற சொல்.

ஆறுமுகநயினார் பக்கத்து ஊர்க் கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். வார நாளெல்லாம் அங்கே வகுப்பு. சனி, ஞாயிறு மட்டும் இங்கே வந்து பகுதிநேர ஆய்வு. நாற்பது தாண்டித்தான் பி.எச்.டி.க்குப் பதிவு செய்தார்.

அவர் எடுத்துக்கொண்டது சீந்தில் கொடி. தண்டை இடித்துக் கஷாயமாகக் கொதிக்க வைத்து வடிகட்டி, ஆறியதும் ஆல்கஹால் ஊற்றினால், பஞ்சுத் துணுக்கு போல ஒன்று திரண்டு வரும். சர்க்கரை மூலக்கூறுகள் கைகோத்துச் சங்கிலியாக நிற்கிற பொருள் அது. ஆனால் நாக்கில் வைத்தால் இனிக்காது. எந்தச் சர்க்கரை எந்தப் பக்கம் கை கோத்திருக்கிறது, எங்கே கிளை விடுகிறது என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆய்வில் பாதி. அதை முடித்துவிட்டார். அந்தச் சங்கிலி உடம்பின் தற்காப்புச் செல்களை எழுப்புமா என்பது மறுபாதி.

அதைப் பார்க்க ஒரு தட்டு உண்டு. தட்டு நிறையச் சின்னக் குழிகள், குழிக்குள் செல்கள். மேலே மருந்துச் சொட்டை விட்டு வைத்துவிட்டு, மறுநாள் ஒரு கரைசலைச் சேர்க்க வேண்டும். செல் விழித்திருந்தால் குழி ரோஸ் நிறமாகும். தூங்கினால் வெளுத்துக் கிடக்கும்.

மற்றவர்கள் தட்டு பெரும்பாலும் வெளுத்தே கிடக்கும். நயினாருடையது பன்னீர் ரோஜா மாதிரி சிவக்கும். ஷெர்லின் என்ற ஆய்வு மாணவி ஒருதரம் தன்னுடைய மருந்தை அவரிடம் கொடுத்து, “உங்க கையால விட்டுக் குடுங்க சார்” என்றாள். விட்டுக் கொடுத்தார். அப்போதும் அவளுடையது வெளுத்துத்தான் இருந்தது. அதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை.

அவருடைய நெறியாளர் முத்துமாலை. அவர்தான் ஒரு காலத்தில் நயினார் பாடம் நடத்திய வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர். இப்போது நயினார் அவரை மேடம் என்பார். முத்துமாலை இவரை சார் என்பார். ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் எழுந்து நிற்பார். யார் முதலில் உட்காருவது என்று தினமும் ஒரு சிறிய இழுபறி நடக்கும்.

அன்றைக்கும் இருவரும் நின்றுகொண்டேதான் பேசினார்கள்.

“மேடம், கைராசின்னு ஒண்ணு உண்டா?”

“யாரு சொன்னா?”

“பிள்ளைங்க பேசிக்கிட்டாங்க. நான் பச்சத்தண்ணிய ஊத்துனாலும் செல்லு எந்திரிச்சுருமாம்.”

“எந்திரிக்குமா?”

“கிண்டலுக்குச் சொல்லுததுதான.”

“ஊத்திப் பாத்திருக்கீங்களா?”

“ஒவ்வொரு தட்டுலயும் ஒரு வரிசை வெறும் தண்ணிதான வைக்கேன். ஒருநாளும் நிறம் வந்ததில்ல.”

“அது அப்பதான் மூடி உடைச்ச பாட்டில் தண்ணி. உங்க கை படாத தண்ணி.”

நயினார் தலையாட்டினார். முத்துமாலை ஒரு நிமிஷம் ஜன்னலைப் பார்த்தார்.

“இந்த வாரம் கஷாயம் வைக்கும்போது கொடி போடாதீங்க சார்.”

“கொடி போடாமலா?”

“ஆமா. மத்ததெல்லாம் பண்ணுங்க.”

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றார் நயினார். முத்துமாலை உட்கார்ந்துவிட்டார்.

நயினார் பாத்திரத்தில் தண்ணீர் வைத்துக் கொதிக்கவிட்டார். கொடியை வேக வைக்கிற அதே நேரம் வேக வைத்தார். சக்கை இல்லாத கஷாயத்தைத் துணியில் வடிகட்டினார். துணியில் ஒன்றும் தங்கவில்லை.

ஷெர்லின் எட்டிப் பார்த்தாள்.

“என்ன சார் வேகுது?”

“ஒண்ணும் இல்ல.”

“வெந்துட்டா?”

நயினார் வடித்ததை ஓரமாக ஆற வைத்தார். ஆறிய பிறகு ஆல்கஹால் ஊற்றினார். ஒன்றும் திரளவில்லை. திரளாததை வீழ்படிவு என்று வைத்துக்கொண்டு, குழாயின் அடியில் இருந்த ஈரத்தை மட்டும் எடுத்தார். அதை டயாலிசிஸ் பையில் ஊற்றி இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டார். வேண்டாத உப்பெல்லாம் பையின் சுவர் வழியாக வெளியே போய்விடும், சங்கிலி மட்டும் உள்ளே நிற்கும். அதற்காகப் பையைப் பெரிய கண்ணாடிக் குடுவைத் தண்ணீரில் மிதக்கவிட வேண்டும். மற்றவர்கள் அந்தக் குடுவையைக் குளிர்பெட்டிக்குள் வைத்து, நேரத்துக்கு நேரம் தண்ணீர் மாற்றி, இரண்டே நாளில் எடுத்துவிடுவார்கள். நயினாருக்கு அதற்குத் தோதில்லை. ஞாயிற்றுக்கிழமை மேசை மேல் மிதக்கவிட்டுப் பஸ் பிடித்தால், அடுத்த சனிக்கிழமைதான் வந்து பார்ப்பார்.

அந்த வாரமும் அப்படித்தான் செய்தார். சனிக்கிழமை பையை எடுத்தார். உள்ளே இருந்ததை உறையவைத்துக் காயவைத்தார். காயவைத்த குப்பியின் அடியில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாததைக் கொஞ்சம் புதுத் தண்ணீரில் அலசி எடுத்து, செல்களின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார்.

ஞாயிறு மதியம் கரைசலைச் சேர்த்தார்.

புதுப் பாட்டில் தண்ணீர் வரிசை வெள்ளையாக நின்றது. முன்பே எடுத்து வைத்திருந்த சீந்தில் மருந்தின் வரிசை சிவந்தது. அதற்குப் பக்கத்தில், கொடி போடாத கஷாயத்தின் வரிசையும் சிவந்தது. சீந்திலைவிட ஒரு மாற்று குறைவு, அவ்வளவுதான்.

நயினார் அலுமினியத் தாளை எடுத்துத் தட்டை மூடினார். ஆய்வகத்தில் யாரும் இல்லை. கழுவுகிற தொட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தொட்டியையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

முத்துமாலை உள்ளே வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை. அதுவே முத்துமாலைக்கு முக்கால்வாசி சொல்லிவிட்டது.

“நிறம் வந்துட்டா சார்?”

அவர் தாளை நீக்கிக் காட்டினார்.

“ஏம்மா, நான் பாத்திரத்தையெல்லாம் ஆட்டோகிளேவ்ல, நீராவில அவிச்சுத்தான எடுக்கேன்?” மேடம் என்பது மறந்துவிட்டது.

“கிருமி செத்துப்போகும் சார். அதோட தோலு போகாது.”

“தோலா?”

முத்துமாலை வெளியே போனார். தோட்டத்துச் சீந்திலில் ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு வந்தார். பிறகு, குடுவைக்குத் தண்ணீர் பிடிக்கும் பெரிய பிளாஸ்டிக் கேனைச் சரித்து, உள்ளே விரலை விட்டுச் சுவரை வழித்தார்.

“கண்ண மூடிட்டு ரெண்டு கையையும் நீட்டுங்க சார்.”

நீட்டினார். வலது உள்ளங்கையில் ஏதோ ஒன்றைத் தடவினார் முத்துமாலை. இடது கையிலும் ஒன்றைத் தடவினார். இரண்டும் வழவழவென்று இருந்தன.

“எது கொடி?”

நயினார் விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். வலது கையை முதலில் தூக்கினார். பிறகு இறக்கினார்.

“தெரியல.”

“மோந்து பாக்கணும்னாலும் பாருங்க.”

“வேண்டாம்.” கண்ணைத் திறந்தார். “வாரா வாரம் டயாலிசிஸ் பைய எடுக்கையில மேல வழவழன்னுதான் இருக்கும். சீந்திலுக்கு அந்தக் குணம் உண்டுன்னு துடைச்சு எடுத்துருவேன். எங்கப்பா மருந்து இடிக்கையில அவர் கையும் இப்படித்தான் இருக்கும்.”

“சீந்திலும் வழவழன்னுதான் சார் இருக்கும்.”

“இது?”

“இது தண்ணில வளர்ற கிருமி. ஒரு வாரம் மேசை மேல கிடந்தா நல்லா வளரும், பைய அவுக்கையில உள்ளயும் போயிரும். அதுவும் மேல சர்க்கரைச் சங்கிலியத்தான் போத்திக்கிட்டிருக்கு. உங்க கொடியில இருக்கதும் சங்கிலி, இதுவும் சங்கிலி. கை கோத்திருக்கிற விதம் வேற.”

“நமக்கு வித்தியாசம் தெரியலையே.”

“தெரியாது.”

“அப்ப இத்தன வருஷமா இங்க வித்தியாசம் தெரிஞ்சவங்க ஒருத்தருமே இல்லையா?”

முத்துமாலை தட்டைத் தொட்டார்.

“இருந்தாங்களே, இந்தச் செல்லுங்க. வாரா வாரம் கிருமி, கிருமின்னு சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நாமதான் கொடியப் பத்திச் சொல்லுதாங்கன்னு நினைச்சுக்கிட்டோம்.”

நயினார் இரண்டு கைகளையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டார்.

“நீங்க ஏன் மேடம் முதல்லயே கேக்கல?”

“சந்தோஷமா இருந்தேன் சார்.”

நயினார் தாளை எடுத்துத் தட்டை மறுபடியும் மூடினார்.

நிலைமை இருவருக்கும் தெரியும். நயினாரின் பதிவுக்குக் கடைசி நீட்டிப்பும் வாங்கியாயிற்று. இந்தப் பருவத்துக்குள் ஆய்வுக்குழு கூடி அவருடைய ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற்காவிட்டால் பதிவு தானாகவே ரத்தாகிவிடும். போன தடவை கூடியபோது, வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் சிவந்த தட்டின் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “முப்பத்தெட்டா?” என்று இரண்டு முறை கேட்டார். தட்டின் சிவப்பை இயந்திரம் எண்ணாகச் சொன்னது அது. அவர் எழுந்து வந்து கைகொடுத்தார். அந்த முப்பத்தெட்டைத்தான் அவர் மறுபடியும் கேட்பார்.

“கொடி போடாம காய்ச்சிப் பாத்தியான்னு குழுவுல யாரும் கேக்க மாட்டாங்க, மேடம்.”

“மாட்டாங்க.”

“எனக்கு ஆகலைன்னா உங்களுக்கும் சேதாரம்தான?”

“நீங்கதான் சார் என் முதல் ஸ்காலர். உங்களுக்கு முடிஞ்சாத்தான் நான் பதவி உயர்வுக்கு நிக்க முடியும்.” காய்கறி விலை சொல்கிற மாதிரிச் சொன்னார் முத்துமாலை. “முதுகு வலின்னு லீவு போட முடியுமா?”

“இருக்கத்தான் செய்யுது.”

“போடுங்க.”

லீவு போட்டார். கண்ணாடிப் பாத்திரங்களையெல்லாம் அடுப்புப் பெட்டியில், கிருமியின் தோலும் கருகிற சூட்டில் வைத்து எடுத்தார்கள். மருந்துக் கடையில் ஊசி போடுவதற்கான தண்ணீரை வாங்கினார்கள். கடைக்காரர், “வீட்ல யாருக்கு சார் முடியல?” என்று கேட்டார். ஷெர்லின் குளிர்பெட்டியில் தன்னுடைய தட்டுகளை ஒதுக்கி ஒரு அடுக்கைக் காலி செய்து கொடுத்தாள். நயினார் அங்கேயே இருந்து நேரம் தவறாமல் குடுவைத் தண்ணீரை மாற்றினார். இரண்டாவது நாள் முடிவில் பையை எடுத்தபோது அது வழவழக்கவில்லை. கழுவி வைத்த தம்ளர் மாதிரி இருந்தது.

கொடி போட்ட கஷாயம் ஒன்று, போடாத கஷாயம் ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி செய்தார்கள்.

தட்டில் இந்தத் தடவை சிவப்பு இல்லை. போடாதது வெள்ளை. போட்டதும் வெள்ளை என்றுதான் நயினார் முதலில் நினைத்தார். ஷெர்லின் தட்டைத் தூக்கி, அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தாள்.

“சார், இந்த வரிசை லேசா இருக்கு பாருங்க. வெங்காயத் தோல் மாதிரி.”

இயந்திரத்தில் வைத்தார்கள். போடாததற்கு ஒன்று. போட்டதற்கு ஐந்து.

புதிதாகச் செல் வளர்த்து மறுபடியும் பார்த்தார்கள். அதே ஐந்துதான். அதற்கடுத்த முறை ஐந்துக்குச் சற்றுக் குறைவு. கொடி போடாதது ஒன்றைத் தாண்டவே இல்லை.

“இவ்வளவுதானா?” என்றார் நயினார்.

“இவ்வளவு இருக்கு” என்றார் முத்துமாலை.

அன்றைக்கு நயினார் பஸ்ஸில் போகும்போது அந்த இரண்டு வாக்கியத்தையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். எண் ஒன்றேதான். ஒன்றைச் சொன்னால் தோள் தொங்கியது. மற்றதைச் சொன்னால் தொங்கவில்லை. தன் ஊர் நிறுத்தம் தாண்டி அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார்.

ஆய்வுக்குழு கூடும் நாளில் நயினார் கூட்ட அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி தேய்த்துக் கொடுத்த சட்டை. மேல் பொத்தானையும் போட்டிருந்தார். உள்ளே அவருக்கு முந்தைய ஆள் பேசிக்கொண்டிருந்தான். வெளியூர் உறுப்பினரின் சிரிப்புச் சத்தம் கதவு வழியாகக் கேட்டது.

முத்துமாலை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நயினார் திரையை அவர் பக்கம் திருப்பினார்.

“முதல்ல பழைய படம் மேடம். முப்பத்தெட்டு. பக்கத்துலயே கொடி போடாத கஷாயத்தையும் போட்டுட்டேன். அது முப்பத்தஞ்சு. தண்ணில இருந்த கிருமிதான்னு கீழ எழுதியிருக்கேன்.”

“சரி சார்.”

“அடுத்து இது. சுத்தமா செஞ்சது.”

அந்தப் படத்தில் சீந்திலின் கம்பம் கிட்டத்தட்ட உச்சி வரைக்கும் எழும்பி நின்றது. முந்தைய படத்துக் கம்பத்துக்கு ஏறக்குறையச் சரியாக இருந்தது. முத்துமாலை அதைப் பார்த்தார். பிறகு ஓரத்தில் இருந்த எண்களைப் பார்த்தார்.

“ஓரத்து அளவு அச்ச ஆறோட நிறுத்தியிருக்கீங்க.”

“ஆமா. முந்தினது நாப்பது வரைக்கும் போகுது. இதையும் நாப்பது வச்சா கம்பமே தெரிய மாட்டேங்குது. அஞ்சுங்கிற எண்ணுல நான் கை வைக்கல. ஓரத்துல எல்லாம் எழுதித்தான் இருக்கு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொய் இல்லையே, மேடம்?”

“பொய் இல்ல.”

“எல்லாரும் செய்யுததுதான.”

“நானும் செஞ்சிருக்கேன்.”

“அவரு கம்பத்தத்தான் பாப்பாரு. எண்ணப் பாக்க மாட்டாரு. கம்பம் எந்திரிச்சு நின்னா விட்டுருவாரு.” குரலைத் தாழ்த்தினார். “இன்னைக்கு விட்டாத்தான் உண்டு.”

“தெரியும் சார்.”

“அப்ப இப்படியே இருக்கட்டுமா?”

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. முந்தைய ஆள் முடித்துவிட்டான்.

“உங்களுக்குச் சின்னது தெரியணுமா சார்,” என்றார் முத்துமாலை, “சின்னதுன்னு தெரியணுமா?”

நயினார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கதவு திறந்து முந்தைய ஆள் வெளியே வந்தான். உள்ளிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

“ஒரு நிமிஷம் சார்” என்று உள்ளே பார்த்துச் சொன்னார்.

அச்சின் உச்சியில் இருந்த ஆறை அழித்துவிட்டு நாற்பது என்று அடித்தார். கம்பம் சுண்டுவிரல் நக உயரத்துக்கு இறங்கி நின்றது. மடிக்கணினியை மூடாமல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.